ஜேர்மன் மொழி கற்போரும் இலக்கிய வரலாறும்

புதியதொரு மொழியைக் கற்க முற்படுபவர் ஓராண்டுக்குள் ஒரு வினாவை எதிர்நோக்குகின்றார். எழுத்தறிந்தாயிற்று, எண்ணறிந்தாயிற்று, கடையிலே பாணும் பாலும் கேட்டு வாங்கவும், புகையிரதம் எத்தனை மணிக்குப் புறப்படும் என வினவவும் தெரிந்தாயிற்று. இனி அம்மொழியின் இலக்கியத்தை எப்பொழுது தொடுவது? தொட்டால் எந்த முனையிலிருந்து தொடுவது? ஆயிரத்திருநூறு ஆண்டுக்கால வரலாறு முன்னே விரிந்து கிடக்கும்போது, பாலர் வகுப்பு மாணவனின் நிலையிலுள்ள ஒருவர் அதனுள் எவ்வழியால் நுழைவது? இவ்வினாவை ஜேர்மன் மொழியைக் கொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நான் அம்மொழியிற் புலமை பெற்றவன் அல்லன். பாடசாலை அதிபர் பணியிலிருந்துகொண்டு, பிள்ளைகள் வீடு சென்ற பின்னர் எஞ்சிய பொழுதில், ஐம்பத்திரண்டாவது வயதில் அதனைக் கற்கத் தொடங்கிய ஒரு மாணவன். தொடங்கியதற்குக் காரணமும் பெரிதன்று. என் தமக்கையாரின் குடும்பம் நெடுங்காலமாக ஜேர்மனியில் வாழ்கின்றது. அவருடைய பேர்த்திக்குப் பன்னிரண்டு வயது. நாம் தமிழிற் பேசினால் விளங்கிக்கொள்வாள், எழுத வராது. ஒருநாள் அவளிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் ஜேர்மன் மொழி. குழந்தை எனக்கென்று எழுதியதை வேறொருவரிடம் கொடுத்துப் படிப்பித்துக் கேட்க மனம் ஒப்பவில்லை.

முதலாண்டில் இலக்கணம் ஓரளவு கைவந்ததும் நான் ஒரு பிழை செய்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஜேர்மன் இலக்கிய வரலாற்று நூலொன்றைத் தேடியெடுத்து, முதற்பக்கத்திலிருந்து தொடங்கினேன். எதையும் அடியிலிருந்து தொடங்குவதே முறை என்பது ஆசிரியத்தொழில் எனக்குத் தந்த பழக்கம். எட்டாம் நூற்றாண்டுச் சொற்றொகுதி, ஒன்பதாம் நூற்றாண்டு வீரப்பாடல், பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரசவைக் காதற்பாட்டு என்று குறிப்பேடு நிறைந்தது. ஆண்டுகளும் பெயர்களும் மனப்பாடமாயின. நான்கு மாதங் கழித்து அக்கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முன்னர் விளங்காத இடங்கள் அப்பொழுதும் விளங்கவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன்.

இப்பிழையைத் தமிழில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டவரிடம், “தமிழிலக்கியம் சங்க காலத்தில் தொடங்குகின்றது, ஆகவே நீர் புறநானூற்றிலிருந்து தொடங்கும்” என்று நாம் சொல்வோமா? பாரதியாரின் பாட்டொன்றையோ நல்ல சிறுகதையொன்றையோ கொடுத்துத்தான் தொடங்குவிப்போம். காலவரிசை வரலாற்றுக்குரிய ஒழுங்கு. கற்போனுக்குரிய ஒழுங்கு வேறு. அவன் தனக்கு அண்மையிலுள்ளதைப் பற்றிக்கொண்டு சேய்மையிலுள்ளதை நோக்கிச் செல்ல வேண்டும். அவ்வாறு பின்னோக்கிச் சென்ற ஒருவனுக்கே முன்னோக்கி வரும் வரலாறு பொருளுடையதாகின்றது.

இதனை எனக்குக் கற்பித்தவள் அச்சிறுமியே. நான் இடர்ப்படுவதைத் தன் பாட்டியாரிடம் கேட்டறிந்து, தன் பள்ளிக்கூட வாசிப்பு நூலிலிருந்த கதையொன்றைத் தன் கையாற் படியெடுத்து அனுப்பினாள். வொல்ப்காங் போர்ஷெர்ட் என்பார் 1946 இல் எழுதிய கதை. தலைப்பு ‘பாண்’ என்று பொருள்படும் ஒரே சொல். உலகப்போர் முடிந்து, உணவு பங்கீட்டு முறையிற் கிடைத்த காலம். நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்கு ஒரு முதியவள் கண்விழிக்கின்றாள். பக்கத்திற் கணவன் இல்லை. குசினியில் அவன் நிற்கின்றான். மேசை விரிப்பிலே பாண்துகள்கள் கிடக்கின்றன. ஏதோ ஓசை கேட்டு வந்ததாக அவன் சொல்கின்றான். முப்பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின்னர் அவன் தன்னிடம் பொய் சொல்கின்றான் என்பது அவளுக்குத் தெரிகின்றது. அவள் ஒன்றுங் கேட்கவில்லை. மறுநாள் இரவுணவின்போது, தன் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்து, அந்தப் பாண் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவளும் ஒரு பொய் சொல்கின்றாள். கதை இவ்வளவே.

அகராதியை ஒருசில முறைகளே புரட்டி அக்கதையை நான் படித்து முடித்தேன். சொற்கள் வீட்டுச் சொற்கள்: தட்டு, கத்தி, விளக்கு, தரை. வாக்கியங்கள் குறுகியவை, சொன்னதே திரும்பத் திரும்ப வருகின்றது. இந்த எளிமை மாணவரை எண்ணி வைத்ததன்று. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1933 முதல் 1945 வரை ஆட்சி செய்தோர் தாயகம், பெருமை, தியாகம் முதலான உயர்ந்த சொற்களையெல்லாம் கொலைத்தொழிலுக்கு ஏவல்செய்ய வைத்திருந்தனர். போர் முடிந்தபின் எழுத வந்த இளைஞர்கள் அத்தகைய சொற்களை நம்பவில்லை. பாண், மேசை, குளிர், பசி என்று கண்ணாற் கண்டு கையாற் தொடக்கூடியவற்றுக்குரிய சொற்களிலிருந்து மீண்டும் தொடங்கினர். இடிபாட்டிலக்கியம் என்று அக்காலத்து எழுத்தை அங்கே வழங்குவர். போர்ஷெர்ட் தம்முடைய ஒரே பெரும் நாடகம் ஹம்பேர்க் நகரில் மேடையேறுவதற்கு முதல்நாள், 1947 நவம்பர் 20 இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அதே ஆண்டிற் கூடத் தொடங்கிய ‘குழு 47’ என்னும் எழுத்தாளர் வட்டத்திலிருந்து ஹைன்றிஷ் பெல், குந்தர் கிராஸ் ஆகியோர் வளர்ந்து, முறையே 1972 இலும் 1999 இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இலக்கிய வரலாறு எனக்கு அன்றுதான் பாடமாயிற்று. இக்கதையின் வாக்கியங்கள் ஏன் இவ்வளவு குறுகியவை என்னும் வினாவுக்கு விடையாக வரலாறு வந்தது. வினா எழுந்த இடத்தில் வந்த விடை மறப்பதில்லை. அன்று முதல் ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: ஒரு காலப்பகுதிக்கு ஒரு சிறு நூல், அந்நூலைப் படித்து, அதில் எழுந்த ஐயத்துக்கு மட்டும் வரலாற்றிடம் விடை கேட்பது, பின்னர் ஒரு படி பின்னே செல்வது.

அடுத்த படி 1929. எறிஷ் கேஸ்ற்னர் எழுதிய ‘எமிலும் துப்பறிவோரும்’ என்னும் சிறுவர் நவீனம். தாய் கொடுத்தனுப்பிய பணத்தைப் புகையிரதத்திற் பறிகொடுத்த சிறுவன், பேர்லின் நகரத்துப் பிள்ளைகளின் துணைகொண்டு கள்வனைப் பிடிக்கின்றான். உரையாடல் மிகுந்த நூல். ஆகவே மக்கள் உண்மையிற் பேசும் மொழி அதிலே கிடைக்கின்றது. வயது வந்தோர் சிறுவர் நூலைப் படிக்க நாணக் கூடாது. மொழியறிவில் நாமும் சிறுவரே.

அதற்கும் பின்னே சென்றால் கிறிம் சகோதரர்களின் கதைத்தொகுப்பு. அதன் முதற்பகுதி 1812 இல் 86 கதைகளோடு வெளிவந்தது. 1857 இல் வந்த இறுதிப் பதிப்பிலே கதைகள் 200. சகோதரர் ஊரூராய் நடந்து உழவர் வாயிலிருந்து இவற்றைச் சேகரித்தனர் என்று பலர் நினைப்பர். பெரும்பாலான கதைகளை, படித்த குடும்பத்துப் பெண்களே அவர்களிடம் வந்து சொன்னார்கள். வில்ஹெல்ம் கிறிம் அவற்றைப் பதிப்புக்குப் பதிப்பு செப்பஞ்செய்தார். எனினும் மொழி கற்போனுக்கு அவை பெருந்துணை. ஜேர்மன் மொழியில் நடந்து முடிந்ததைச் சொல்ல இருவகை வடிவங்கள் உண்டு. பேச்சிலே துணைவினையோடு சேர்ந்த வடிவம் வரும். ‘போனான்’ என்பதற்கு ‘இஸ்ட் கெகாங்கன்’ என்பர். கதையெழுத்திலே அதற்கு ‘கிங்’ என்று ஒரே சொல். பேச்சுப் பாடநூலை மட்டும் படித்தவர் இரண்டாவதைக் கண்டு திகைப்பார். தேவதைக் கதைகள் இருபதைப் படித்தவருக்கு அது பழகிப்போகும்.

அக்கதைகளிலே சிறுமி என்னுஞ் சொல் ஒன்றன்பாலில் வருவதைக் கண்டு பலர் நகைப்பர். சிறுமை குறிக்கும் விகுதியொன்று சேர்ந்தால், எச்சொல்லும் அம்மொழியில் ஒன்றன்பாலாகிவிடும். நாமும் “குழந்தை அழுதது” என்றுதானே சொல்கின்றோம். பிறமொழியில் விந்தையாகத் தோன்றுவது பலவேளைகளில் நம் வீட்டிலேயே இருக்கின்றது. ஜேர்மன் சார்பு வாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குச் செல்வது ஆங்கிலேயரைத் துன்புறுத்தும். வினையைக் கடைசியில் வைத்தே வளர்ந்த தமிழருக்கு அது இயல்பானது. சொற்களைத் தொகுத்து நீண்ட தொடராக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. அவர்களுக்கு வேற்றுமை நான்கு. எட்டு வேற்றுமை படித்த நாம் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி, கதே. ஜேர்மன் என்றவுடன் எல்லோர் நாவிலும் வரும் பெயர் இது; ‘பவுஸ்ற்’ நாடகத்தோடு தொடங்கி அத்தோடு மொழியையே கைவிட்டவர் பலர் இருப்பர். அந்நாடகத்தைக் கதே தம் இளமையிலே தொடங்கி, முதற்பகுதியை 1808 இல் வெளியிட்டு, இரண்டாம் பகுதியை 1831 இலேயே முடித்தார். அவர் இறந்த 1832 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அறுபதாண்டு உழைப்பில் விளைந்த நூலை ஆறாம் மாதத்திற் படித்துவிட எண்ணுவது முறையன்று. ஆயின் கதேயிடம் எட்டே அடியில் அமைந்த பாட்டொன்றும் உண்டு. 1780 செப்டெம்பரில், இல்மெனவ் என்னும் ஊருக்கு அணித்தான மலையுச்சியிலே, வேட்டைக் குடிலொன்றின் மரச்சுவரில் அவர் பென்சிலால் எழுதிவைத்தது. மாலைப்பொழுதின் அமைதியும், அதனூடே வரவிருக்கும் இறுதி ஓய்வும் அதன் பொருள். ஐம்பத்தோராண்டு கழித்து, எண்பத்திரண்டாம் பிறந்தநாளை அண்மித்த வேளையில், முதியவராய் அம்மலைக்கு மீண்டு சென்று அவ்வெழுத்தைக் கண்டார். இப்பாட்டின் சொற்களிற் பெரும்பாலானவற்றை முதலாண்டு மாணவனே அறிவான். பெருங்கவிஞன் அச்சிறு சொற்களைக் கொண்டு என்ன செய்தான் என்று பார்ப்பதற்கு இதுவே தக்க இடம்.

கதே எழுதிய காலத்தில் ஜேர்மன் மொழியின் நிலை யாது என்பதையும் அறிதல் வேண்டும். 1774 இல் வெளிவந்த அவருடைய ‘வேர்தர்’ நவீனம் ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், 1780 இல் பிரஷிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், ஜேர்மன் இலக்கியம் இன்னும் பண்படவில்லை என்று குறைகூறி ஒரு நூல் வெளியிட்டார். அதனை அவர் எழுதியது பிரெஞ்சு மொழியில். ஆள்வோர் தம் மொழியை மதியாத காலத்தில், மதபேதங்களைக் கடந்த மனிதத்தன்மையை நாடகமாக்கிய லெஸ்ஸிங்கும், கதேயும், அவர் நண்பர் ஷில்லரும் அம்மொழியை ஐரோப்பாவின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தனர். ஜேர்மன் பேரரசு உருவானது 1871 இலேதான். அதற்கு முன்னர் ஆஸ்திரிய எல்லையிலிருந்து வடகடல் வரை சிதறிக்கிடந்த சிற்றரசுகளின் மக்களைப் பிணைத்தவற்றுள் முதன்மையானது நூல்மொழியே.

அந்நூல்மொழி எங்கிருந்து வந்தது? இன்னுமொரு படி பின்னே சென்றால் மாட்டின் லூதரிடம் வந்து சேர்கின்றோம். வார்ட்பேர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்த காலத்தில், ஏறத்தாழப் பதினொரு கிழமைகளில், புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து அவர் மொழிபெயர்த்தார். 1522 செப்டெம்பரில் அது அச்சேறியது. முழு விவிலியமும் 1534 இல் வந்தது. அவருக்கு முன்னரும் மொழிபெயர்ப்புகள் உண்டு. 1466 இலேயே ஸ்ராஸ்பேர்க்கில் ஒன்று அச்சாகியிருந்தது. ஆயின் அவை இலத்தீன் வாக்கியத்தின் நிழலில் நடந்தவை. லூதர், வீட்டிலுள்ள தாயும் தெருவிலுள்ள பிள்ளையும் சந்தையிலுள்ள எளியவனும் எவ்வாறு பேசுகின்றனர் என்று கவனித்தே மொழிபெயர்க்க வேண்டும் என்னுங் கருத்தை 1530 இல் எழுதிய திறந்த மடலொன்றில் வற்புறுத்தினார். வடக்கும் தெற்கும் ஓரளவு விளங்கிக்கொள்ளக்கூடிய சக்சனி அலுவலக மொழியை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் மக்கள் வழக்கை ஏற்றினார். அச்சுக்கலை அதனை எங்கும் கொண்டுசென்றது.

லூதரின் விவிலியத்தோடு வளர்ந்த சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்து, சிறு பிள்ளைகளோடு அமர்ந்து தமிழெழுத்துக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அரிச்சுவடியிலிருந்து தொடங்கிய ஒரு ஜேர்மானிய மாணவரின் கதை நம் மொழியின் வரலாற்றிலும் ஓர் ஏடாயிற்று.

லூதருக்கும் முன்னே இடைக்கால ஜேர்மன் கிடக்கின்றது. 1200 ஆம் ஆண்டளவில் பெயர் தெரியாத புலவரொருவர் ஆக்கிய ‘நீபெலுங்கர் காவியம்’, வோல்தர் என்னும் பாணரின் பாடல்கள், வொல்ப்ராமின் ‘பார்ட்சிவால்’ ஆகியன இக்காலத்தவை. இவற்றை இக்கால மொழிபெயர்ப்பை ஒருபுறமும் மூலத்தை மறுபுறமும் வைத்துச் சில பக்கம் பார்த்தாலே போதும். இன்று ‘மைன் ஹவுஸ்’, அதாவது ‘என் வீடு’ என்பதை அன்று ‘மீன் ஹூஸ்’ என்றனர். நெட்டுயிர் இணையுயிராகத் திரிந்ததை இவ்விரு சொல்லே காட்டும். பொருளுந் திரிந்திருக்கின்றது. அன்று ‘வீப்’ என்பது எந்தப் பெண்ணையும் குறித்த பொதுச்சொல். இன்று அதன் திரிபு பெண்ணை இழித்துரைக்கும் சொல். உயர்குலத் தலைவியைக் குறித்த சொல்லோ இன்று ‘ஃப்ராவ்’ என்று எல்லாப் பெண்களுக்கும் பொதுவாயிற்று. முன்னர் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ நம்மிடையே என்னவாயிற்று என்பதை எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்காது.

இனி அடிக்கு வந்துவிட்டோம். ஒன்பதாம் நூற்றாண்டில், ஃபுல்டா மடத்திலே, சமய நூலொன்றின் முதலேட்டிலும் கடையேட்டிலும் எஞ்சியிருந்த வெற்றிடத்தில் இருவர் ஒரு பழம்பாடலை எழுதிவைத்தனர். போர்க்களத்தில் தந்தையும் மகனும் எதிர்ப்படுகின்றனர். தந்தைக்கு அவன் தன் மகன் என்று தெரிகின்றது. மகன் நம்ப மறுக்கின்றான். போர் தொடங்குகின்றது, ஏடு முடிந்துவிடுகின்றது. அறுபத்தெட்டு அடிகளே எஞ்சியுள்ளன. இதற்கும் முற்பட்டதாய், இன்றுள்ளவற்றுள் மிகப் பழைய ஜேர்மன் நூலாய்க் கருதப்படுவது எட்டாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட ‘அப்ரோகன்ஸ்’. அது காவியமன்று, வழிபாட்டு நூலுமன்று. இலத்தீன் கற்போருக்காக ஆக்கப்பட்ட சொற்றொகுதி. அதன் படியொன்று சுவிற்சர்லாந்தின் சென் காலன் மடத்து நூலகத்தில் இருக்கின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டு இலக்கியத்தின் முதலேட்டைத் திறந்தால், அங்கே நம்மைப் போலவே அகராதியோடு போராடிய ஒரு மாணவன் அமர்ந்திருக்கின்றான். முதன்முறை நான் இதனைப் படித்தபோது இது வெறும் ஆண்டும் பெயரும். பின்னோக்கி வந்து சேர்ந்தபோதுதான் இதன் பொருள் விளங்கியது.

இவ்வாறு அடியை அடைந்தபின், மூடிவைத்த வரலாற்று நூலை மீண்டுந் திறந்து முதலிலிருந்து படிக்கலாம். இம்முறை ஒவ்வோர் அதிகாரத்திலும் அறிந்த முகம் ஒன்றாயினும் இருக்கும். ஆங்கிலம் அறிந்தவருக்கு இன்னோர் ஊதியமும் உண்டு. ஆங்கிலத்து ‘வோட்டர்’ ஜேர்மனில் ‘வாசர்’. ‘அப்பிள்’ அங்கே ‘அப்ஃபெல்’. ‘ஷிப்’ அங்கே ‘ஷிஃப்’. இம்மாற்றங்கள் ஓர் ஒழுங்கில் நிகழ்ந்தவை என்பதை 1822 இல் விளக்கியவர் அதே தேவதைக்கதை யாக்கோப் கிறிம். அவரும் தம்பியாரும் 1838 இல் ஒரு பேரகராதியைத் தொடங்கினர். தம்பி 1859 இல் மறைந்தார்; 1863 இல் ‘கனி’ என்று பொருள்படும் சொல்லை எழுதிக்கொண்டிருக்கையில் அண்ணனும் மறைந்தார். பின்வந்தோர் விடவில்லை. நாடு இரண்டாகப் பிளவுண்ட பின்னரும் கிழக்கிலும் மேற்கிலுமிருந்த அறிஞர் சேர்ந்துழைத்து, 32 தொகுதிகளில் 1961 தொடக்கத்தில் அதனை முடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பேர்லின் நகரின் குறுக்கே சுவர் எழுந்தது. நாடு மீண்டும் ஒன்றானது 1990 இல்.

எனக்கு நெருக்கமாய்த் தோன்றும் இன்னொருவரையும் குறிப்பிட விரும்புகின்றேன். இன்று ஜேர்மன் எழுத்திலக்கணத்துக்கே பெயராகிவிட்ட டூடென், 1880 இல் தம் சொல்லகராதியை வெளியிட்டபோது ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியராயிருந்தார். ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி எழுத்து வேறுபட்டு மாணவர் இடர்ப்பட்டதைக் கண்டே அவர் அப்பணியில் இறங்கினார்.

இவ்வரலாற்றைக் கற்போர் தாண்டிச்செல்லக் கூடாத ஓர் அதிகாரமும் உண்டு. 1933 மே மாதம் 10 ஆந் திகதி இரவு, பேர்லினிலும் பிற பல்கலைக்கழக நகரங்களிலும் மாணவர்களே நூல்களைத் தீயிலிட்டனர். எமிலின் கதையை எழுதிய கேஸ்ற்னர் கூட்டத்தில் நின்று தம் நூல்கள் எரிவதைக் கண்டார். நூல்களைக் கொளுத்தும் கை அத்தோடு நில்லாது என்று நூறாண்டுக்கு முன்னரே எச்சரித்திருந்தவர் யூதக் குடும்பத்திற் பிறந்த கவிஞர் ஹைன. அவருடைய நூல்களும் தீயிலிடப்பட்டன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் நகருக்கு அருகே, கதே உலாவிய எற்றேர்ஸ்பேர்க் குன்றிலேயே, 1937 இல் புகன்வால்ட் சிறைமுகாம் அமைக்கப்பட்டது. உயர்ந்த இலக்கியம் ஒரு நாட்டில் இருப்பதனால் மட்டும் அந்நாடு தீமையினின்று காக்கப்படுவதில்லை. அதனைப் படிப்போரே காக்க வேண்டும். நான் முதலிற் படித்த கதையிலே முதியவள் கணவன் பக்கம் நகர்த்திய பாண்துண்டின் பெறுமதி, இவ்வதிகாரத்தை அறிந்த பின்னரே எனக்கு முழுதாய் விளங்கியது.

நேயர்களே, கற்க விழைவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைக் கூறி முடிக்கின்றேன். முதலாண்டில் இலக்கியத்தை நாடாதீர்கள். மொழியின் எலும்புக்கூடு நிற்கட்டும். இரண்டாமாண்டில் போருக்குப் பிந்திய சிறுகதை ஐந்தைப் படியுங்கள். ஒரு கதையை மூன்று முறை படிப்பது மூன்று கதைகளை ஒருமுறை படிப்பதினும் நன்று: முதன்முறை அகராதியின்றி, இரண்டாம் முறை அகராதியோடு, மூன்றாம் முறை வாய்விட்டு. பின்னர் கேஸ்ற்னர், கிறிம், ஹைன, கதேயின் சிறுபாடல்கள் என்று படிப்படியாகப் பின்னே செல்லுங்கள். பழைய பதிப்புகள் முறுக்கெழுத்தில் இருக்கும். 1941 வரை அவ்வெழுத்து வழக்கிலிருந்தது. தொடக்கத்தில் புதிய பதிப்பையே நாடுங்கள். ஜேர்மன் இலக்கியம் ஜேர்மனி நாட்டோடு முடிவதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். காஃப்காவும் றில்கேயும் பிராக் நகரிற் பிறந்தவர்கள்; டியூரென்மற் சுவிற்சர்லாந்தினர். ‘சித்தார்த்தா’ எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே 1911 இல் நம் இலங்கைக்கு வந்து, கண்டியைக் கண்டு, பீதுறுதாலகால மலையிலும் ஏறியவர். குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவரைப் பற்றி நூல் சொல்வதை எழுதாது, அவரிடம் நீங்கள் கற்ற ஐந்து சொற்களையும் ஒரு வாக்கிய அமைப்பையும் எழுதுங்கள். ஈராண்டில் அதுவே நீங்கள் எழுதிய இலக்கிய வரலாறாகும்.

பேர்த்தியின் கடிதத்துக்கு நான் விடை எழுத ஒன்றரை ஆண்டு சென்றது. ஒரு பக்கம் எழுதினேன். அவள் அதில் ஏழு பிழைகளைச் சிவப்பு மையாற் திருத்தித் திருப்பியனுப்பினாள். முப்பதாண்டு பிறர் பயிற்சிக் கொப்பியைத் திருத்திய எனக்கு அது நல்ல பாடம். கடிதத்தின் அடியில் அவள் தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள். அதிலும் ஓர் எழுத்துத் தவறியிருந்தது. அவளும் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அவளுக்கு முதலில் எந்தத் தமிழ்க் கதையை அனுப்பலாம் என்பதே இப்பொழுது என் யோசனை. நிச்சயமாகப் புறநானூற்றிலிருந்து தொடங்கப் போவதில்லை.